கலவரம் நடக்கிற நாட்டுக்கு ராலி ஓட்டப் போகலாமா?

குன்னூர்க்காரத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டது இது: “அண்ணா, ரெண்டு வருஷமா நம்ம பக்கத்து கார் ராலிகள்ல கோ-டிரைவரா, டிரைவருக்கு வழி படிச்சுச் சொல்றவனா, உட்கார்றேன். இப்போ முதல் தடவையா வெளிநாட்டு ராலி ஒண்ணுக்கு டீம் கூப்பிடுது. அங்கே ரெண்டு மாசமாப் போராட்டம், ராத்திரியில ஊரடங்கு, துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்களும் இருக்காங்க. அப்பா போகவே கூடாதுங்கறார். டீம் மேனேஜர், ஸ்போர்ட்ஸுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம், வந்து வண்டியில உட்காருங்கறார். யார் சொல்றது சரி?”

எந்த நாடு என்றும் எழுதியிருந்தார். அதை நான் எடுத்துவிட்டேன். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, இனிமேல்தான் பிழைப்பும் இருக்கிறது. பெயர் இல்லாமலேயே பதில் சொல்லலாம்.

நான் யார் என்றால், அரவேணு பக்கம் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ராலிகளோடு சுற்றியவன். முதலில் சர்வீஸ் வேனில், அப்புறம் மார்ஷலாக, இப்போது ஸ்டேஜ் கமாண்டராக, அதாவது அடைத்து ஓட்டுகிற ஒரு ரோட்டுத் துண்டுக்குப் பொறுப்பாளனாக. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்ததே இல்லை. பார்த்ததெல்லாம் ஜாக்கிக்கு அடியில் படுத்தும் ரோட்டோரத்தில் கொடி பிடித்தும்தான். அந்த அளவுக்கு இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நீங்கள் எழுதியிருக்கிற நிலைமையில் நான் போகமாட்டேன், என் ஒர்க்‌ஷாப் பையன்களையும் அனுப்பமாட்டேன். உங்கள் அப்பா பயப்படுவது உங்கள் உயிருக்கு. எனக்கு உறுத்துவது வேறு.

மேனேஜர் சொன்ன வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். செஸ் ஆடுகிறவர் அப்படிச் சொன்னால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும் அவருக்கு. ராலிக்கு ஊரான் ரோடு வேண்டும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ரோட்டை அடைக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், வனத்துறை, நெடுஞ்சாலை, பஞ்சாயத்து என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கியவனுக்குத் தெரியும், அரசு நினைக்காவிட்டால் ஒரு வண்டிகூட ஸ்டார்ட் லைனைத் தாண்டாது. அரசாங்கத்தோடு ஊர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, அதே அரசாங்கத்தின் போலீஸை வைத்து அதே ஊரின் ரோட்டை அடைத்து ஓட்டுகிறோம். சம்பந்தம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. 2000-ஐ ஒட்டிய வருடங்கள். பச்சைத் தேயிலை விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்தில் விழுந்து கிடந்த காலம். நீங்கள் அப்போது பிறந்தீர்களோ என்னவோ. கோத்தகிரி, குன்னூர் பக்கமெல்லாம் மறியல், கடையடைப்பு. 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்களே, அந்தக் கோபத்தின் வேர் அந்த வருடங்களில்தான் இருக்கிறது. அப்படி ஒரு வாரத்தில் எஸ்டேட் ரோட்டில் எங்களுக்கு ஒரு ஸ்டேஜ். முதல் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ரோட்டை அடைத்தாயிற்று. ஒரு வளைவில் டேப் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். மேலே ஹட்டியிலிருந்து, படுகர் ஊரிலிருந்து, ஒரு அம்மா இறங்கி வந்தார், அறுபது வயதிருக்கும், தலையில் இலை மூட்டை. கீழே எடை போடும் இடத்துக்கு ஏஜென்ட்டின் லாரி வரும் நேரம். நான் விடவில்லை. விதி அப்படி.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். இலை சுட்டது. பறித்த கொழுந்து மூட்டைக்குள் அமுங்கிக் கிடந்தால் தானாகவே சூடேறும், சிவக்கும், ஃபாக்டரியில் கழித்துக்கட்டுவார்கள். “நாளைக்கும் உங்க வண்டி ஓடும். இது நாளைக்கு இலையா இருக்குமா?” என்றார். திட்டவெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். என் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், இரண்டு நாள் முன்பு அதே ஊர்க்காரர்களை மறியலிலிருந்து வேனில் ஏற்றியவர். அந்த அம்மாவின் பார்வையில் அவரும் நானும் டேப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரே கூட்டம். நான் கொடிதானே பிடித்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த ராலியாக இருந்தாலும் ரோட்டைப் பார்ப்பேன், அடுத்து ஆம்புலன்ஸைப் பார்ப்பேன்.

ஆம்புலன்ஸ் விஷயம் உங்களுக்கே தெரியும். வண்டி வந்து நிற்கிறதா, உள்ளே டாக்டர் இருக்கிறாரா, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் போயிற்றா என்று கேட்டு, ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் ஸ்டேஜ் கிடையாது. ஃபார்முலா ஒன்னிலும் அதே சட்டம்தான். 2017-ல் ஷாங்காயில் மெடிக்கல் ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரியில் இறங்க முடியாத மூட்டம், வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தின் பெரும்பகுதி போயே போயிற்று. ஒரு டிரைவர் அடிபட்டால் அவருக்கு டாக்டர் தயாராக இருக்க வேண்டும் என்பதில் இந்த விளையாட்டு அவ்வளவு கறார்.

இப்போது பஹ்ரைனுக்கு வாருங்கள். 2011 பிப்ரவரி 14-ம் தேதி மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டு மக்கள் திரண்டார்கள். அந்த வருட ஃபார்முலா ஒன் சீசனின் முதல் ரேஸ் மார்ச் 13 அன்று அங்கேதான் நடக்க இருந்தது. சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள், ஏற்பாட்டாளர்கள் ஒரு வாரத்தில் பின்வாங்கினார்கள். அதோடு முடிந்திருந்தால் இது வெறும் ரத்துச் செய்திதான். ஜூன் 3-ம் தேதி எஃப்ஐஏ, அதாவது உலக மோட்டார் விளையாட்டின் தலைமை அமைப்பு, கூடி, ரேஸ் உண்டு, அக்டோபர் 30-ல் வைக்கலாம் என்றது. டிரைவர் மார்க் வெப்பர் அதற்கு முன்பிருந்தே வெளிப்படையாக எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். டீம்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே வாரத்தில் அந்த முடிவும் கைவிடப்பட்டது.

இதற்கு நடுவே சல்மானியா ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது தெரியுமா? குண்டடி பட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் பிடித்துப் போனார்கள். செப்டம்பர் 29-ம் தேதி சிறப்பு நீதிமன்றம் அவர்களில் 20 பேருக்கு 5 முதல் 15 வருடம் வரை சிறைத் தண்டனை விதித்தது. சிலர் பிற்பாடு மேல்முறையீட்டில் விடுதலையானார்கள், அது வேறு கதை. தேதியைப் பாருங்கள். அக்டோபர் 30-ல் அந்த ரேஸ் நடந்திருந்தால், அதற்கு ஒரு மாதம் முன்புதான் அந்தத் தீர்ப்பு. சர்க்யூட்டில் ஹெலிகாப்டரும் டாக்டரும் டிரைவருக்காகக் காத்திருந்திருப்பார்கள். காயம்பட்ட போராட்டக்காரனுக்குத் தையல் போட்ட டாக்டர் வழக்கோடு அலைந்துகொண்டிருந்திருப்பார். எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அடுத்த வருடம், 2012 ஏப்ரல் 22, ரேஸை நடத்தியே விட்டார்கள். தேசம் ஒன்றுபட்டுக் கொண்டாடுகிறது என்ற பொருளில் ஒரு முழக்கம் எழுதி ஊரெல்லாம் ஒட்டினார்கள். மனித உரிமைக்காரர் அப்துல்ஹாதி அல்-கவாஜா சிறையில் உண்ணாவிரதத்தின் எழுபதாவது நாளைத் தாண்டியிருந்தார். ரேஸுக்கு முந்தைய நாள் காலையில் சலாஹ் அப்பாஸ் ஹபீப் என்ற போராட்டக்காரரின் உடலைக் கண்டெடுத்தார்கள். வெட்டல் ஜெயித்தார். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனும் அந்த ரேஸில் ஓட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கடைசி வரிசை டீமின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வரமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு வெட்டலும் நரேனும் ஞாபகம் வருவதில்லை. ஒரு வாடகைக் கார்தான் ஞாபகம் வருகிறது. புதன்கிழமை சாயங்காலம் ஃபோர்ஸ் இந்தியா டீம் ஆட்கள் நாலு பேர் வேலை முடித்து ஓட்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் போலீஸுக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல், போக்குவரத்து நின்றுவிட்டது. பக்கத்திலேயே பெட்ரோல் குண்டு விழுந்தது, கண்ணீர்ப்புகை காருக்குள் வந்தது. யாருக்கும் காயமில்லை. டீமில் இரண்டு பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் ஆட்களை ஓட்டலில் சேர்க்க வேண்டும் என்று அந்த டீம் இரண்டாவது பயிற்சி ஓட்டத்தையே விட்டுவிட்டது. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் அவர்கள் கார்களை டிவியில் காட்டவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று பார்த்தவர்கள் அப்போதே கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டிரைவர் பால் டி ரெஸ்டா ஆறாவதாக வந்தார். நல்ல பாயின்ட்.

டிரைவர் பிழைப்பு வேறு, மெக்கானிக் பிழைப்பு வேறு. எனக்கு இதைக் குண்டலுப்பேட்டை சொல்லிக் கொடுத்தது.

2016 செப்டம்பர், காவிரித் தீர்ப்பு வந்த வாரம். சிக்கமகளூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வண்டியை டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தோம். 12-ம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களைக் கொளுத்த ஆரம்பித்தார்கள். எங்கள் டிரைவர் மங்களூர் போய் விமானம் ஏறிவிட்டார். தப்பில்லை, நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன். ராலி காரையும் டிரெய்லரையும் சர்வீஸ் வேனையும் என்ன செய்வது? “எப்படியாவது ஊட்டி கொண்டு வந்து சேர்த்துடுங்க” என்றது போன். எல்லாவற்றிலும் டிஎன் 43. கூட ஒரு ஹெல்ப்பர் பையன், பத்தொன்பது வயது, தினம் பேட்டாவுக்கு வந்தவன்.

ஹாசன் வழியாக, மைசூருக்குள் நுழையாமல் சுற்றிச் சுற்றிக் குண்டலுப்பேட்டை வந்தபோது இருட்டிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பந்திப்பூர் கேட்டை அடைத்துவிடுவார்கள், காலை ஆறு வரைக்கும் காடு நமக்கில்லை. பத்து நிமிடம் பிந்திவிட்டோம். முன்னால் கேட், பின்னால் ஊர். ஒரு தேங்காய் மண்டிக்காரர், கன்னடக்காரர்தான், எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் குடோன் பின்பக்கக் கதவைத் திறந்தார். டிரெய்லரைக் கழற்றிக் கையால் தள்ளி உள்ளே விட்டோம். நம்பர் பிளேட் மேல் சாக்கைப் போட்டார் அவர். காரின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடும்போது அந்தப் பையன் கேட்டான்: “அண்ணா, இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கில்ல? நமக்கு?” நான் இருக்குடா என்றேன். பொய். அன்றைக்கு எனக்கும் கிடையாது, அவனுக்கும் கிடையாது.

அதனால், “நான் போகலாமா” என்று நீங்கள் கேட்கிற கேள்வியிலேயே எனக்கு ஒரு குறை இருக்கிறது. வண்டிக்குள் நீங்கள் இரண்டு பேர். வேனில் நாலைந்து பேர் வருவார்கள். வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த ராலிக்கு ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் போகிறேன் என்றதும் அவர்களும் போகிறார்கள் என்றாகிவிடுகிறது.

மேனேஜர் அடுத்து சொல்லப்போவது, ஒப்பந்தம் போட்டாயிற்று, பின்வாங்க முடியாது என்று. பின்வாங்க மனம் இருந்தால் இந்த விளையாட்டு எத்தனையோ முறை பின்வாங்கியிருக்கிறது. 1974-ல் எண்ணெய் நெருக்கடிக்காக மான்டி கார்லோ ராலியையே நடத்தவில்லை. 2005 இண்டியானாபோலிஸ் ஞாபகம் இருக்கும், நரேன் நாலாவது வந்த ரேஸ். மிஷலின் டயர் அந்த வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் ரேஸுக்கு முந்தைய ஃபார்மேஷன் சுற்று முடித்து நேராகப் பிட்டுக்குள் திரும்பின, மிச்சம் ஆறே கார்கள் ஓடின. கோடிக்கணக்கில் பணம் போகிற விஷயம் தம்பி, லட்சக்கணக்கான ஜனங்கள் டிவி முன்னால். டயருக்குக் கொடுத்த மரியாதை அது. 2008-ல் டாக்கார் ராலியை லிஸ்பனிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் ரத்து செய்தார்கள். மொரிட்டானியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நாலு பேரைக் கொன்றிருந்தார்கள், 15 ஸ்டேஜில் எட்டு அந்த நாட்டில். நல்ல முடிவுதான். ஆனால் அதே ராலியின் வண்டிகளில் அடிபட்டு ஆப்பிரிக்கக் கிராமத்துப் பிள்ளைகள் செத்த வருடங்களில் அடுத்த நாள் ஸ்டேஜ் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அரசியலுக்காகப் போகாமல் இருந்ததும் உண்டு. 1985 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா, கயாலமி. நாட்டில் நெருக்கடி நிலை. கவிஞர் பெஞ்சமின் மொலோய்ஸை 18-ம் தேதி தூக்கில் போட்டார்கள், 19-ம் தேதி ரேஸ். ரெனோ, லீஜியே டீம்கள் வரவில்லை. மற்றவர்கள் ஓட்டினார்கள், மான்செல் ஜெயித்தார். அப்புறம் 1992 வரை ஃபார்முலா ஒன் அந்தப் பக்கம் போகவில்லை. நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ், மெட்ராஸ் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விட்டுக்கொடுத்தது, கோப்பை அவர்களுக்குப் போயிற்று. இன்றுவரை இந்தியா அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. முடிவெடுத்தது டெல்லி, இழந்தது ஆடியவர்கள். சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் புறக்கணி, புறக்கணி என்று சோபாவில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், யாருடைய வாய்ப்பைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாருக்காக நிறுத்துவது, யாருக்காக நிறுத்தாமல் இருப்பது என்பதில் நியாயத்தைவிடப் பணம்தான் அதிகம் பேசும், அதையும் மறைக்க வேண்டாம். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த மறுநாளே ரஷ்யாவின் சோச்சி ரேஸ் கிடையாது என்றாகிவிட்டது. பஹ்ரைனுக்கு நாலு மாதம் இழுத்தார்கள். பஹ்ரைன் அரசின் முதலீட்டு நிறுவனம் 2007-லேயே ஃபார்முலா ஒன் டீமான மெக்லாரனில் 30 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது என்பதை இங்கே ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடு யோக்கியம், அப்படிப் பார்த்தால் எங்கேயுமே ஓட்ட முடியாதே என்பார்கள். உண்மைதான். நம்ம நாட்டிலேயே வருடத்தில் பாதி நாள் ஏதோ ஒரு மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும். நான் நாட்டுக்கு மார்க் போடச் சொல்லவில்லை. இந்த ரோடு, இந்த வாரம், இந்த போலீஸ், இந்த ஆம்புலன்ஸ், அவ்வளவுதான் என் அளவுகோல். 2023 டிசம்பரில் சென்னை தீவுத்திடல் தெருக்களில் ஃபார்முலா ஃபோர் வைக்க இருந்தார்கள். மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் கிடந்தபோது தள்ளி வைத்தார்கள், 2024 ஆகஸ்ட் கடைசியில் நடத்தினார்கள். அது அரசியல் கலவரம் இல்லை, மழை. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். பம்பும் போலீஸும் ஆம்புலன்ஸும் அந்த வாரம் வேறு தெருவில் நிற்க வேண்டியவை.

2022-ல் இலங்கை. இங்கே கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. என் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவருக்கு ஹட்டன் பக்கம் சொந்தம். அந்தப் பங்காளி பெட்ரோல் வரிசையில் இரண்டு ராத்திரி ஆட்டோவிலேயே படுத்துக் கிடந்ததைப் போனில் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சொல்வார். ஜூன் கடைசியில் அரசாங்கமே அத்தியாவசிய வண்டிகளுக்கு மட்டும்தான் பெட்ரோல் என்று இரண்டு வாரம் நிறுத்தியது. நம்ம ராலி வண்டி ஸ்டேஜில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்த வரிசையைத் தாண்டிப் போய் எப்படி டேங்க் நிரப்புவது?

சரி, போகாமல் இருப்பதைவிடப் போய் அங்கே பேசினால் நல்லதில்லையா என்று ஒரு வாதம் உண்டு. பெரியவர்கள் செய்திருக்கிறார்கள். 2021-ல் கத்தாரில் ஹாமில்டன் வானவில் ஹெல்மெட் போட்டு ஓட்டினார். அது ஏழு முறை உலகச் சாம்பியனின் தலை. 2022 டிசம்பரில் எஃப்ஐஏ தன் சர்வதேச விதித்தொகுப்பில் ஒரு வரி சேர்த்தது: முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் அரசியல் கருத்தை வெளிப்படுத்தக் கூடாது. உங்கள் லைசென்ஸும் அந்தக் குடையின் கீழ்தான் வருகிறது. முதல் வெளிநாட்டு ராலிக்கு வந்த கோ-டிரைவர் அங்கே என்ன பேசிவிட முடியும்? நமக்குக் கிடைப்பது அபராதம், உள்ளூரில் நம்மோடு பேசினவருக்குக் கிடைப்பது வேறு. பஹ்ரைனில் நஜா யூசுஃப் என்ற பெண், ரேஸை எதிர்த்து ஃபேஸ்புக்கில் எழுதியதைக் குற்றப்பத்திரிகையில் வைத்து மூன்று வருடம் தண்டித்தார்கள். 2017-ல் பிடித்துப் போனவரை 2019-ல்தான் விட்டார்கள். கார்களுக்கு அங்கே வருடா வருடம் கொடி காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போராடுகிறவர்களுக்கும் ரேஸ் ஒரு மேடைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். 1958 பிப்ரவரி 23, கியூபாவின் ஹவானா. ஐந்து முறை உலகச் சாம்பியன் ஃபாஞ்சியோவை ஓட்டல் வரவேற்பறையிலேயே துப்பாக்கியைக் காட்டித் தூக்கிப் போனார்கள், காஸ்ட்ரோவின் ஆட்கள். ரேஸை அவர் இல்லாமலே மறுநாள் நடத்தினார்கள், ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் செத்தார்கள். ஃபாஞ்சியோவைக் கீறல் இல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர் அன்று காரில் உட்காராததே நல்லதாகப் போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கைதான், ஆனால் அப்போது கியூபாவை ஆண்ட பாட்டிஸ்டா அரசு நாட்டில் எல்லாம் நலம் என்று காட்டத்தான் அந்த ரேஸை வைத்தது என்பதை ஊர் முழுக்கப் புரிந்துவைத்திருந்தது.

போவதா வேண்டாமா என்பதை இங்கே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். விமானம் ஏறிவிட்டால் முடிவு உங்கள் கையில் இருக்காது. 2022 மார்ச்சில் சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் ஃபார்முலா ஒன் வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தின்போதே பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் ஏவுகணை விழுந்து, புகை சர்க்யூட்டிலிருந்து தெரிந்தது. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் இருபது டிரைவர்கள் நடு ராத்திரி தாண்டி நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார்கள். அவர்களாலேயே அங்கே போன பிறகு முடியவில்லை.

உங்கள் மேனேஜரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டேஜ் ரோடு எந்த ஊர் வழியாகப் போகிறது, அந்த ஊர்க்காரர்கள் இப்போது ராத்திரி ஏழு மணிக்கு மேல் அந்த ரோட்டில் நடக்க முடிகிறதா? அவர்களுக்கு ஊரடங்கும் நமக்குப் பாஸுமாக இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். மெடிக்கல் பிளானில் எந்த ஆஸ்பத்திரி பெயர் போட்டிருக்கிறது, போராட்டத்தில் காயம்பட்டவர்களும் அங்கேதான் கிடக்கிறார்களா? உள்ளூர் கிளப்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? அவர்களும் நம்மைப் போல பெட்ரோல் வாசனைக்கு அடிமையானவர்கள்தான், தனியாகப் பிடித்துக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். அவர்களே வாருங்கள், ஊர் அமைதியாகிவிட்டது, நாலு ஓட்டல்காரர்கள் பிழைப்பார்கள் என்று சொன்னால் என் பதிலை நான் மாற்றிக்கொள்வேன். கடைசியாக ஒன்று: வர இஷ்டமில்லாத மெக்கானிக்குக் கூலியும் கொடுத்து, அடுத்த ராலிக்கும் கூப்பிடுவாரா உங்கள் மேனேஜர்?

இதற்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரவேணு பக்கம் வாருங்கள். வரும்போது ஒப்பந்தத்தையும் இன்சூரன்ஸ் காகிதத்தையும் எடுத்து வாருங்கள். கலவரம், உள்நாட்டுக் குழப்பம் என்று விலக்குப் பட்டியலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். குண்டலுப்பேட்டைக்கு என்னோடு வந்த பையன் இப்போது இங்கேதான் வேலை செய்கிறான், அவனும் கூட இருப்பான்.